கப்பல் நகர்ந்ததை நான் சொல்லவில்லை

அந்தக் கடற்கிணற்றில் ஒன்றும் இல்லை என்பது, முடிவு வெளிவருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் என் பங்குகளை விற்றுவிட்டேன். மகேஸ்வரி அக்காவிடம் சொல்லவில்லை.

இதுதான் நான் செய்தது. இனிச் சொல்லப்போவது விளக்கம் மட்டுமே... விளக்கினால் குற்றம் குறைந்துவிடும் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். நானும் நினைக்கவில்லை.

நயினாதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோவிலுக்கு நான் பூசகர். ஊரெல்லாம் படகேறி வந்து கும்பிடும் பெரிய கோவில் அல்ல. வெள்ளிக்கிழமைகளில் அயலவர்கள் மட்டும் வந்து போகும் கோவில். என் தம்பி சங்கரன் இலண்டனில் இருக்கிறான். வேலை முடிந்த நேரமெல்லாம் அவனுக்குப் பங்குச் சந்தைதான். ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் எரிவாயு தேடும் ஒரு சிறிய கம்பனியைப் பற்றி ஓயாமல் கதைப்பான். முதற் கிணறு தோண்டத் தொடங்கியிருந்தார்கள். வாயு கிடைத்தால் பங்கின் விலை பல மடங்கு ஏறும், கிடைக்காவிட்டால்... அதையும் அவன் சொல்லத்தான் செய்தான். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் சேமிப்பை அவன் மூலம் அதில் போட்டேன். விலை ஏறியது. அந்தச் சந்தோஷத்தை எனக்குள் வைத்திருக்கத் தெரியாமல் மகேஸ்வரி அக்காவிடம் சொன்னேன்.

அவரும் கணவர் பரமநாதனும் பதுளையில் கடை வைத்திருந்தவர்கள். பரமநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானபிறகு கடையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்கள். கிழமைக்கு இரண்டு தடவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். படகில் குறிகட்டுவான் துறை, அங்கிருந்து பஸ், சுத்திகரிப்பு முடிந்து தலைசுற்றோடு அதே வழியில் திரும்புதல். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சிறிய வீடு வாங்கிவிட வேண்டும் என்பதே அக்காவின் ஒரே எண்ணம். மண்கும்பானில் இருந்த தன் சீதனக் காணியை விற்றார். அந்தக் காசு வீட்டுக்குப் போதவில்லை. வாடகைக்கு எடுத்தால், காசு முடிந்தபிறகு எங்கே போவது என்ற பயம்.

“ஐயா, அந்தக் கம்பனியிலை எங்கடை காசையும் போடலாமோ?” என்று ஒருநாள் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் சுற்றி, பிள்ளையாரின் முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் போடலாம் என்பது பேச்சு. வெள்ளை வந்தது.

“பிள்ளையார் உத்தரவு தந்திட்டார்,” என்றேன்.

நம்பித்தான் சொன்னேனா? பிள்ளையாரை நம்பினேனா, அல்லது ஏறிக்கொண்டிருந்த என் பங்கின் விலையை நம்பினேனா? இதுவரைக்கும் எனக்குப் பிரித்தறிய ஏலவில்லை...

அக்காவும் காணிக் காசைத் தம்பி மூலம் போட்டார். பிறகு காத்திருந்தோம். கடலில் தோண்டும் கப்பல் எங்கே நிற்கிறது என்று தொலைபேசியில் பார்க்கத் தம்பி எனக்குச் சொல்லித்தந்திருந்தான். வாயு கிடைத்தால் கப்பல் அதே இடத்தில் நின்று சோதனை செய்யும். இல்லையென்றால் கிணற்றை மூடிவிட்டுப் புறப்பட்டுவிடும். நீல வெளியில் ஒரு சின்னப் புள்ளி. பூசை முடிந்து மடைப்பள்ளிக்குப் போகும்போதும் பார்ப்பேன்.

ஒருநாள் மத்தியானம் பார்த்தபோது புள்ளி அங்கே இல்லை. கரைப்பக்கம் வெகுதூரம் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பியின் அழைப்பு.

“அண்ணா, கப்பல் வெளிக்கிட்டிட்டுது. சோதிக்க ஒண்டும் கிடைக்கேல்லைப் போலை. சனம் இன்னும் கவனிக்கேல்லை, விலை இறங்கேல்லை. விக்கட்டோ?”

“வில்.”

“அக்காவின்ரையையும்?”

என் வாயில் வந்தது இதுதான்: “கேட்டுச் சொல்லுறன்.”

கேட்கத்தான் போனேன். அவர்களுடைய வீடு கோவில் மதிலிலிருந்து பார்த்தாலே தெரியும். வாசல் படலையில் கை வைத்தேன். முற்றத்தில் பரமநாதன் கதிரையில் சாய்ந்திருந்தார். அக்கா ஒரு சின்ன மூக்குப்பேணியில் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் குடிக்கக் கூடாது அவர்.

“படி இல்லாத வீடாப் பாப்பம், என்ன?” என்று அக்கா சொல்வது கேட்டது. “குசினி சின்னனாய் இருந்தாலும் பறவாயில்லை.”

பரமநாதன் சிரித்தார். நான் படலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஏன் திரும்பினேன்? அவர்களுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். விற்கச் சொன்னால், ‘பிள்ளையார் உத்தரவு தந்தவர் எண்டீங்களே ஐயா’ என்று அக்கா கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். நான் வைத்த பூ பொய்த்ததென்று ஊர் சொல்லுமே என்று பயந்தேன். கப்பல் எண்ணெய் அடிக்கப் போயிருக்கலாம், திரும்பி வரலாம் என்றும் எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். என் பங்கை விற்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை... அவருடைய காசு என்றபோது மட்டும் வந்தது.

அக்கா விற்க விரும்பவில்லை என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். இன்றைக்கும் அவன் அதைத்தான் நம்புகிறான்.

மறுநாள் காலை அக்கா அர்ச்சனைத் தட்டோடு வந்தார். கணவரின் பெயருக்கு ஒன்று. கம்பனியின் பெயருக்கு ஒன்று.

“கம்பனிக்கு நட்சத்திரம் என்னெண்டு சொல்லுறது ஐயா?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

நான் அந்த அர்ச்சனையைச் செய்தேன். ஒரு மந்திரமும் விடாமல்.

அந்தக் கிழமை முடிவதற்குள் கம்பனி அறிவித்தது: இலாபம் தரக்கூடிய அளவில் வாயு இல்லை, கிணறு கைவிடப்படுகிறது. பங்கின் விலை விழுந்த வேகத்தில், இனி விற்று என்ன, வைத்திருந்து என்ன என்ற நிலை. நானே போய் அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த சுளகை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிறகு, “நீங்களும் போட்டனீங்கள்தானே ஐயா. உங்களுக்கும் போச்சு, என்ன?” என்றார்.

“ஓம்,” என்றேன்.

கேட்கிறீர்களா? ‘ஓம்’ என்றேன்! சொல்லாமல் விட்டது கோழைத்தனம் என்று ஒருவேளை நீங்கள் மன்னிக்கலாம். இந்த ‘ஓம்’ என்ன? நானும் நட்டப்பட்டவன் என்று நம்பி, அதற்குப் பிறகு அவர் தட்சணையைக் கூட்டி வைத்தார். நான் எடுத்தேன். எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாரே...

திருப்பிக் கொடுக்க முயன்றேன். இலண்டனில் இருக்கும் ஊர்ச்சனம் உதவி செய்கிறதாக ஒரு கதையைச் சொல்லி, என் காசைக் கொடுக்கப் பார்த்தேன். அக்கா வாங்கவில்லை.

“எங்களிலும் பாக்க இல்லாத சனம் கிடக்கு ஐயா. அவைக்குக் குடுக்கச் சொல்லுங்கோ.”

அது யாருடைய காசு, எப்படி வந்த காசு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார். எனக்குச் சொல்ல ஏலவில்லை. காசு இன்னும் இலண்டனில் தம்பியிடம் கிடக்கிறது.

வாடை வந்தது. படகு ஓடாத நாட்களில் பரமநாதனின் கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிறகு மூச்சு முட்டியது. படுக்க ஏலாமல் உட்கார்ந்தபடியே கிடந்தார். கடைசியில் ஒரு மீன்பிடிப் படகுக்காரன் துணிந்து ஏற்றிக்கொண்டு போனான். பிழைத்து வந்தார், ஆனால் அதற்குப் பிறகு நடக்கவில்லை. இப்போது கதிரையோடு தூக்கித்தான் படகில் வைக்கிறார்கள். சில நாட்களில் நானும் ஒரு பக்கம் பிடிப்பேன்.

“உங்களுக்கேன் ஐயா கரைச்சல்,” என்பார் பரமநாதன், மூச்சிரைத்தபடி.

அண்மையில் அந்தக் கம்பனி, இன்னோர் இடத்தில் புதுக் கிணறு தோண்டப்போவதாக அறிவித்தது. அதை அயல்வீட்டுப் பிள்ளை யாரோ வாசித்துச் சொல்ல, அக்கா என்னிடம் வந்தார். காணிக் காசில் வைத்தியச் செலவுக்கென்று ஒதுக்கிய கொஞ்சம் மிச்சம் இருந்ததாம்.

“இதுக்கும் போடுவமோ ஐயா? விட்டதைப் பிடிக்கலாமெண்டு இவரும் சொல்லுறார்.”

“வேண்டாம் அக்கா.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ என் முன்னால் நின்றது. எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் காசாவது மிஞ்சியிருக்கும்.

“எனக்கு மனம் வரேல்லை,” என்றேன்.

“போனமுறை பட்டது உங்களைப் பயப்பிடுத்திப் போட்டுது,” என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு, நேரே என் தம்பிக்குக் காசை அனுப்பிவிட்டார். அவன் என்னைக் கேட்டான், வாங்கட்டோ என்று. அக்கா சொன்னபடி செய் என்றேன்.

இப்போது தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா நேற்றும் கோவிலுக்கு வந்தார்.

“நல்ல முடிவாய் வரும்தானே ஐயா?”

“எனக்குத் தெரியாது அக்கா,” என்றேன்.

அது உண்மை. அவரோ, நான் தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து, தலையாட்டிவிட்டுத் திருநீற்றுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். அதைத் தாளில் மடித்துக்கொண்டு, கணவருக்குப் பூசிவிட வீட்டுக்குப் போனார்.