கரப்பானுக்கு வயிற்றில், நமக்கு முதுகில்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் கரப்பானை அறுத்துக் காட்டுவது என் வேலை. இப்போது மாணவர்கள் அறுப்பதில்லை. நான் ஒன்றை அறுக்க, மெழுகுத் தட்டைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை இருந்தபோதும் அதை விடவில்லை.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு உசுரை அறுக்கலாமா?"

"அடுப்படியில நீங்க வெளக்கமாத்தால அடிக்கிறீங்களே அத்தை?"

"நான் என்ன புள்ளத்தாச்சியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வாரமே புதுக்கோட்டையில் ஸ்கேன். டாக்டர் வெகுநேரம் தேடினார். என்னை நடக்கவிட்டு மறுபடி பார்த்தார். "தலை நல்லா இருக்குங்க. புள்ளை மல்லாந்து கெடக்கு, முதுகுத்தண்டு தெளிவாத் தெரியல. அடுத்த வாரம் வாங்க, பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி இருப்பது? கருவில் ஒரு மடிப்பு குழாயாக மூடி மூளையும் தண்டுவடமும் ஆவதையும், மூடாமல் போனால் என்னாகும் என்பதையும் வருஷாவருஷம் பாடம் எடுக்கிறவள் நான். வெளியே காத்திருந்த மாமியாரிடம் பிள்ளை மல்லாந்து கிடப்பதைச் சொன்னேன்; பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஆய்வகத்தில் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். பூச்சியின் மூளைக்கும் நம் மூளைக்கும் முன்பகுதி எது, பின்பகுதி எது என்று எல்லை பிரிப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்து மரபணுக்கள். இருவருக்கும் பொதுவான பழைய மூதாதைக்கே சிறு மூளை இருந்ததா, பிறகு தனித்தனியாக வந்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஒன்று மட்டும் தலைகீழ்: நரம்புத்தண்டு நமக்கு முதுகுப்பக்கம், கரப்பானுக்கு வயிற்றுப்பக்கம். நம் முன்னோரில் யாரோ ஒருவர் புரண்டு படுத்துவிட்டார் என்பேன். எப்போதும் சிரிப்பார்கள், அன்றும் சிரித்தார்கள்.

பேசிக்கொண்டே கத்தரியை ஓட்டினேன். கோடிக்கணக்கான கரப்பான்களுக்குச் சரியாக அமைவது என் பிள்ளைக்கு மட்டும் அமையாதா என்று மனம் வேறெங்கோ இருந்தது.

"மேடம், இது தவளை இல்லைங்க" என்றாள் முன்னால் நின்ற மாணவி, மெதுவாக.

குனிந்து பார்த்தேன். கரப்பானை மல்லாத்திக் குண்டூசி குத்தி வயிற்றைக் கிழித்திருந்தேன். தவளையை அப்படித்தான் அறுப்போம்; அதன் தண்டு முதுகில் பத்திரமாக இருக்கும். இங்கே நான் காட்ட வேண்டிய நரம்பே இரண்டு துண்டாகிக் கிடந்தது. கத்தரியைக் கீழே வைத்தேன். எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி வகுப்பை முடித்தேன். பொய்யில்லை.

அடுத்த வாரம் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர். திரையில் பல்வரிசை மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒரு கோடு. "இதாங்க முதுகு. எங்கயும் விலகல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, திரை மங்கியது. மாமியார்தான் கடைசி எலும்புவரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பொரண்டு படுத்துருச்சா?" என்று கேட்டார்.

"பொரண்டுருச்சு அத்தை."