பவானியின் கண்ணளவு

அபர்டீன் பஜாரில் பெண்களின் உள்ளாடை விற்கும் கடைகள் ஐந்தாறு உண்டு. சரக்கெல்லாம் ஒன்றுதான், சென்னையிலிருந்து ஒரே கப்பலில் தீவுக்கு வந்து இறங்குவது. ஆனாலும் பெரார்கஞ்சிலிருந்து பஸ் பிடித்தும், மாயாபந்தரிலிருந்து ஒரு நாளைத் தொலைத்தும் பெண்கள் பவானியின் கடையைத் தேடி வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவளுடைய கண்.

அந்தக் கடையில் யாரும் வாயைத் திறந்து அளவு சொல்ல வேண்டியதில்லை. படியேறி வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றால் போதும். பவானி ஒரு பார்வை பார்ப்பாள், திரும்பி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவுவாள், கறுப்புக் கவரில் போட்டு நீட்டுவாள். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. அவ்வளவுதான். வங்காளிப் பெண்ணானாலும் தெலுங்குப் பெண்ணானாலும், "தீதிக்குத் தெரியும்" என்று அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பத்தொன்பது வருடமாக இதுதான் நடந்தது. பவானிக்கு இதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்காதா பின்னே?

அவள் பரமக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கடை கணவன் ஈஸ்வரனுடையது. முன்பக்கம் லுங்கி, துண்டு, பள்ளிக்கூடச் சீருடை, பின்மூலையில் பெண்கள் சாமான். முதலில் அந்த மூலையிலும் ஈஸ்வரன்தான் நின்றார். பெண்கள் வருவார்கள், அவரைப் பார்ப்பார்கள், கைக்குட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். இல்லையென்றால் புருஷன்மார்கள் வந்து, திருட்டுச் சாமான் கேட்கிறமாதிரி, காதோடு ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் பெரும்பாலும் ஏதோ ஒரு பொங்கலுக்கு வாங்கிய பழைய பிராவின் எண்ணாக இருக்கும். இடையில் இரண்டு பிள்ளை பிறந்திருக்கும், உடம்பு மாறியிருக்கும், எண் மட்டும் மாறாது.

பவானியை அங்கே உட்கார வைத்த முதல் வாரம், அவள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பக்கத்தில் போனாள். அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். முன்பக்கம் முழுக்கத் திறந்த கடை, ஆள் போகிற வருகிற வழி, மூன்றடிச் சந்து. யார்தான் நிற்பார்கள்? அன்றைக்கு டேப்பை டிராயருக்குள் போட்டவள்தான். மானத்தோடு வந்தவளை மானத்தோடு அனுப்ப வேண்டும் என்று கண்ணாலேயே அளக்கக் கற்றுக்கொண்டாள். நல்ல மனசோடு செய்த காரியம்தான் அது. அதை நாம் மறக்கக் கூடாது.

வாங்கிப்போன யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அதையே அவள் தன் கண்ணுக்குக் கிடைத்த சான்றிதழாக வைத்துக்கொண்டிருந்தாள். போட்டுப் பார்த்த உள்ளாடையைத் தூக்கிக்கொண்டு நடுபஜாரில் வந்து நியாயம் கேட்க எந்தப் பெண் வருவாள் என்று அவள் யோசிக்கவில்லை. எப்போதாவது ஒருத்தி தயங்கித் தயங்கி, "தோள்ல இழுக்குதுக்கா" என்றால், "போடப் போடப் பழகிடும்" என்பாள். பழகித்தான் போனார்கள்.

போன பிப்ரவரியில் கப்பலில் வந்த மூன்று அட்டைப்பெட்டிகள்தான் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டன. பவானி எப்போதும் அளவு எண்ணோடு B போட்ட சரக்கு மட்டும்தான் கேட்பாள். தீவுக்கு அதுதான் போகும் என்று சென்னை மொத்தக் கடைக்காரர் சொல்வார். அவர் அதை மட்டும் அனுப்பியதால் அதுதான் போயிற்று என்பதை இருவரும் பேசிக்கொண்டதில்லை. இந்தத் தடவை அங்கே கடைப்பையன் யாரோ மாற்றிக் கட்டிவிட்டான். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் 34D, 36C, 34C. திருப்பி அனுப்ப மறுபடியும் கப்பல், மறுபடியும் காத்திருப்பு. பவானி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். D என்றால் ரொம்பப் பெரிய உடம்புக்காரர்களுக்கு, அதுவும் 34 என்றால் ஒல்லிகளுக்கு. இரண்டும் சேர்ந்த பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?

பெட்டிக்குள் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் பவானி அதை விரித்துப் படித்தாள். எண் என்பது மார்பின் சுற்றளவு அல்ல, மார்புக்குக் கீழே பட்டை உட்காரும் இடத்தின் சுற்றளவு என்று எழுதியிருந்தது. எழுத்து என்பது, மார்பின் சுற்றளவு அதைவிட எத்தனை இஞ்ச் கூடுதல் என்கிற கணக்கு. ஒவ்வொரு இஞ்சுக்கும் ஒரு எழுத்து. வெறும் D என்றால் பெரிது என்று அர்த்தமில்லை. 34D-யின் கிண்ணமும் 38B-யின் கிண்ணமும் கொள்ளளவில் ஒன்றேதான், பட்டைதான் வேறு. பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டை, தோள் அல்ல. கையைத் தூக்கும்போது பட்டை முதுகில் மேலே ஏறினால் அது தொளதொள என்று அர்த்தம்.

பவானி கையைத் தூக்கினாள். முதுகில் ஏறியது.

டிராயரில் பத்தொன்பது வருடம் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு, துணிக்கட்டு அடுக்கிய மறைவுக்குப் போய் அளந்தாள். கீழே முப்பத்து நாலு. மேலே முப்பத்தெட்டு. அவள் போட்டிருந்தது 38B. புதுப்பெட்டியிலிருந்து 34D ஒன்றை எடுத்து, தாளில் சொன்னபடி கடைசிக் கொக்கியில் மாட்டிப் பார்த்தாள். பட்டை உடம்போடு நின்றது, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடமும் இருந்தது. தோள் காலியாக இருந்தது. பொங்கல் கூட்டத்துக்குப் பிறகு வருகிற கழுத்து வலியை அவள் வயசின் மேல் போட்டு எத்தனை வருடமாகிறது!

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. கவுண்டருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பஜாரில் நடந்து போகும் பெண்களின் முதுகைப் பார்த்தாள். ரவிக்கைக்குள்ளும் சுடிதாருக்குள்ளும் அந்தக் கோடு தெரிந்தது. பாதிப்பேருக்குக் கோடு நேராக இல்லை, நடுமுதுகில் மேலேறி வளைந்து கிடந்தது. அவர்களில் பலர் அவளுடைய வாடிக்கை. இத்தனை வருடமும் அவர்கள் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள், அவள் முன்பக்கத்தை மட்டும் பார்த்தாள். முன்பக்கம் சரியாகத்தான் இருந்தது. தப்பு முழுக்க முதுகில் இருந்தது, அவர்கள் திரும்பி நடக்கும்போது அவள் அடுத்தவளைப் பார்க்க ஆரம்பித்திருப்பாள்.

ஈஸ்வரனிடம் சொன்னாள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"புது மாடல் வந்திருக்குன்னு சொல்லிக் குடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பத்தொன்பது வருசமா தப்பா குடுத்திருக்கேங்க."

"அதைப் போய் தண்டோரா போடணுமா? உன் கண்ணை நம்பித்தான் கடைக்கே ஆள் வருது. பவானிக்கே தெரியலயாம்னு ஒருத்தி சொன்னா போதும், பஸ்ஸு மாயாபந்தர் போய்ச் சேர்றதுக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சிரும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பேரைத் தவிர பவானிக்குச் சொந்தமாக இந்தத் தீவில் என்ன இருந்தது? கடை அவருடையது, வீடு அவருடைய அப்பாவுடையது. அவள் சம்பாதித்தது அந்த ஒன்றைத்தான். அதனால் அவர் சொன்னபடியே செய்து பார்த்தாள்.

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் வேலை செய்யும் நளினி வந்தாள். பவானி சிரித்த முகத்தோடு, "புது மாடல், நல்லா இருக்கும்" என்று 34D பெட்டியை நீட்டினாள். நளினி பெட்டியைத் திருப்பி எழுத்தைப் பார்த்தாள்.

"டி-யா? நான் அவ்வளவு குண்டா, மோட்டியா தீதி?"

"அப்படி இல்லம்மா, அது..."

"ரெஹ்னே தோ, வேண்டாம். எப்பவும் குடுக்கிற முப்பத்தெட்டே குடுங்க."

விளக்கிச் சொன்னால்தான் அவள் வாங்குவாள். விளக்கினால், அப்படியானால் இத்தனை நாள் ஏன் முப்பத்தெட்டைக் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். பவானி முப்பத்தெட்டைக் கொடுத்தாள். படியிறங்கிப் போகும் நளினியின் முதுகைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் கொடுத்தது ஒரு கணக்கு, இது வேறு கணக்கு.

வெள்ளிக்கிழமை பெரார்கஞ்சிலிருந்து சொர்ணம்மா வந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்குகிறவள். பவானியைவிட நாலைந்து வயது மூத்தவள், கடையின் முதல் வருடத்திலிருந்து வருகிறவள். வழக்கம்போல் இடது தோளைக் கையால் அமுக்கிக்கொண்டே படியேறினாள்.

"ரெண்டு குடு பவானி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாயாபந்தருக்கு."

மாயாபந்தர் என்றால் அவள் மகள் பூங்கோதை. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கும் அம்மாவின் அளவுதான் என்று சொர்ணம்மா சொல்லி, பவானியும் ஆறு வருடமாகக் கொடுத்துவருகிறாள். அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூட இல்லை. பார்க்காத உடம்புக்கு எந்தக் கண்ணால் அளந்தோம் என்று இப்போது நினைக்கையில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அலமாரிப்பக்கம் திரும்பிய பவானி அப்படியே நின்றாள். பிறகு முன்பக்கம் போய், "கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வாங்க" என்று ஈஸ்வரனை அனுப்பினாள். ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டாள். துணிக்கட்டு மறைவில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"என்ன பவானி, கடையைச் சாத்துற?"

"உள்ள வாங்கக்கா. அளவு எடுக்கணும்."

"உனக்கெதுக்கு டேப்பு?"

"வாங்க சொல்றேன்."

சொர்ணம்மா ரவிக்கையைக் கழற்றியதும் பவானி பார்த்தாள். இரண்டு தோளிலும் ஸ்ட்ராப் பதிந்த பள்ளம், ஒரு விரலை வைத்தால் படுத்துக்கொள்ளும் ஆழத்துக்கு. தோல் அங்கே கறுத்துக் கெட்டியாகியிருந்தது. இடது பக்கம் ஸ்ட்ராப்புக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்திருந்தாள். பத்தொன்பது வருடமாகக் கவரில் போட்டுக் கொடுத்தது என்னவென்று பவானி அன்றைக்குத்தான் கண்ணால் கண்டாள்.

அளந்தாள். தன்னுடையதைப் போலவே கீழே முப்பத்து நாலு, மேலே முப்பத்தெட்டு. 34D-யை எடுத்து மாட்டிவிட்டாள்.

"கையத் தூக்குங்க."

சொர்ணம்மா தூக்கினாள். இறக்கினாள். அண்டாவைத் தூக்குகிறமாதிரி குனிந்து நிமிர்ந்தாள்.

"அக்கா, இத்தனை வருசம் நான் குடுத்தது தப்பு அளவு" என்றாள் பவானி. "பட்டை நாலு இஞ்ச் லூசு. அதான் பாரமெல்லாம் தோளுக்குப் போயிருக்கு. தோள்வலிக்கு வேற காரணமும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் பள்ளம் என்னால வந்தது. எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது."

சொர்ணம்மா கோபப்பட்டிருந்தால் பவானிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் தோள் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மொத நாளே தெரியும் பவானி. சரியா உக்காரலன்னு."

"ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ பாத்துக் குடுத்தது எப்படித் தப்பாகும்? எல்லாருக்கும் சரியா இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. அப்போ என் ஒடம்புதானே கோணல்னு நெனச்சுட்டேன்." பள்ளத்திலிருந்து கையை எடுத்தாள். "கோதையும் போட்ட புதுசுல அழுதா, வலிக்குதும்மான்னு. நம்ம வம்சத்து ஒடம்பே அப்படித்தான்டி, பொறுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

பவானியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் பேர் என்னாகும் என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தாள். பேர் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. பெண்கள் அவளை நம்பி, தங்கள் உடம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

சொர்ணம்மா பையிலிருந்து போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியதும் பவானியிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

"ஹலோ, அம்மா?" என்றது மறுமுனை.

"அம்மா இல்ல கோதை. அபர்டீன் பஜார் பவானி பேசுறேன், கடைக்காரி." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் பாக்காமலே ஆறு வருசமா உனக்கு அளவு குடுத்தவ. அது தப்பும்மா. உன் ஒடம்புல எந்தக் கோணலும் இல்ல."

மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு வண்டிச் சக்கரம் உருண்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.