பொங்கலுக்குள் சைக்கிள்

சுலோசனாவுக்கு நாற்பத்து நாலு வயது. அத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டது ஒரே ஒருத்திதான். வீடு வீடாக வந்து சர்க்கரை பார்க்கிற நர்ஸம்மா. விரலில் குத்தி, மெஷினைப் பார்த்து, "பார்டர்ல இருக்குதும்மா, தினம் அரை மணி நேரம் நடங்க" என்றாள் அந்தப் பெண். சுலோசனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு சுமக்கிறவளைப் போய் நடக்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

"நாள் பூரா நடையாத்தான் நடக்கிறேன், நர்ஸம்மா."

"அது வேலைம்மா. உடம்புக்குன்னு, மனசுக்குன்னு, உங்களுக்குப் புடிச்சதா ஒண்ணு செய்யுங்க. புது வருஷம் பொறக்குது இல்ல? உங்களுக்கு என்ன புடிக்கும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நர்ஸம்மா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் போகவில்லை. அரிசி களையும்போது வந்தது, துணி துவைக்கும்போது வந்தது. வீட்டுக்காரன் செல்லப்பனின் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது வந்து, போகவே மாட்டேன் என்று கூடவே உட்கார்ந்துகொண்டது. எங்கே போவதானாலும் பின்சீட்டுதான் அவளுக்கு. முன்னால் என்ன தெரிகிறது என்று அவளைக் கேட்டால் செல்லப்பனின் முதுகு தெரிகிறது என்பாள்.

ஜனவரி முதல் தேதி மகளிர் குழுக் கூட்டம். பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒரே உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். தலைவி வைஜெயந்தி சுலோசனாவைவிட நாலு வயது சின்னவள். வாய் மட்டும் நாலு ஊருக்குக் காணும். "இந்த வருஷம் ஆளுக்கு ஒண்ணு சொல்லணும்" என்று அவள் சட்டம் போட்டாள். "புள்ளைக்கு, வூட்டுக்காரனுக்குன்னு ஆரம்பிச்சா செல்லாது. தன் உடம்புக்கு, தன் சந்தோஷத்துக்கு. அவ்ளோதான்."

ஒருத்தி ஒரு நாளைக்கு ஏழு டீயை மூன்றாகக் குறைப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி புகையிலையை விடுவதாகச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு தரம் என்று அங்கேயே மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். தெய்வநாயகி, இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எமனே வந்து எழுப்பினாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று அறிவித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"சுலோக்கா, நீ?"

"சைக்கிள் கத்துக்கணும்" என்றாள் சுலோசனா. சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்ததே அவளுக்குத் தெரிந்தது.

பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடிப் போயிற்று. வைஜெயந்தி மட்டும் சிரித்துக்கொண்டே குழுவின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தாள். அதில் எழுதாத எதையும் அவள் நம்புகிறவள் இல்லை. 'திருமதி செ. சுலோசனா அவர்கள் பொங்கலுக்குள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது' என்று எழுதி, பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டாள். பொங்கலுக்குப் பதினாலே நாள்தான் இருந்தது.

சைக்கிள் இல்லாமல் இல்லை. மகள் சரண்யா பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. அவள் புதுச்சேரிக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு அதில் ஆட்டைக் கட்டுவார்கள். சுலோசனா ஆட்டை அவிழ்த்துவிட்டு, சைக்கிளைத் துடைத்து, செல்லப்பனைக் கூப்பிட்டாள்.

"நாப்பது வயசுக்கு மேல நாய்க்குணம்னு சொல்லுவாங்க. ஒனக்கு இன்னாமே, சைக்கிள் குணமா வந்துருக்குது?" என்றான் அவன்.

கேலி செய்தாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடத்தான் செய்தான். நல்ல மனுஷன். ஆனால் தெரு நல்லதாக இல்லை. இரண்டு நாளில் ஒரு முள்வேலி, ஒரு குப்பைத் தொட்டி, மாவு அரைக்கப் போன ஒரு மனுஷி என்று வரிசையாக மோதியாயிற்று. கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணலில் சக்கரம் உருள மாட்டேன் என்றது. உப்பள வரப்பில் ஓட்டிப் பார்த்தாள். வரப்பு இரண்டடி அகலம், பக்கத்தில் உப்புத்தண்ணீர் வாய்க்கால். வாய்க்காலில் விழுந்து எழுந்து வந்தவளைப் பார்த்து, ஊறுகாய் போட்ட மாதிரி இருக்கிறாய் என்றாள் தெய்வநாயகி. பத்து நாள் போய்விட்டது.

சமமாக, கெட்டியாக, ஆள் இல்லாத ஒரு இடம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த இடத்தைத்தான் அவள் தினமும் காலால் செய்துகொண்டிருந்தாள். மழைக்காலம் முடிந்து தண்ணீரை வெளியேற்றியதும், உப்பு விளையப் போகிற பாத்தியை மிதிக்க வேண்டும். பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கைவைத்து வரிசையாக நின்று, அரை அடி அரை அடியாகக் களிமண்ணை மிதித்துக்கொண்டே போவார்கள். எட்டு நாள், பத்து நாள் மிதித்தால் தரை கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் செருப்புக் கால் அதில் படக்கூடாது. தரை கெட்டுப்போனால் உப்போடு மண்ணும் ஏறும், கறுத்த உப்பை யார் வாங்குவார்கள்? சனிக்கிழமை சாயந்திரம் பெரிய பாத்தி மிதித்து முடிந்தது. திங்கட்கிழமை தண்ணீர் விடுவதாக இருந்தார் மேஸ்திரி பச்சமுத்து.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுலோசனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். கூட வைஜெயந்தி.

"வாணாம்க்கா" என்றாள் வைஜெயந்தி. அடுத்த மூச்சில், "ஒரே ஒரு ரவுண்டு" என்றாள்.

ஆசை யாரை விட்டது? அந்தத் தரையில் சைக்கிள் ஓடியது பாருங்கள்! முதலில் வைஜெயந்தி பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டாவது ரவுண்டில் பிடித்துக்கொண்டிருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டு ஓடினாள். மூன்றாவது ரவுண்டில் வரப்பில் ஏறி நின்று குதித்தாள். சுலோசனா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் எவன் முதுகும் இல்லை. வானம் இருந்தது, தூரத்தில் கொக்குகள் இருந்தன, காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. சந்தோஷம், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கத் தெரியாததால் வேகம் குறைகிறவரை சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மெதுவாகச் சரிந்து விழுந்தாள். விழுந்த இடத்திலேயே படுத்துச் சிரித்தாள்.

எழுந்து திரும்பிப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. பாத்தி முழுக்கச் சக்கரம் கீறிய கோடு. வட்டம் வட்டமாக, குறுக்கும் நெடுக்கும், ஒரு விரல் ஆழத்துக்கு. மேலே காய்ந்திருந்த தரை உள்ளே இன்னும் ஈரம். வெறுங்காலைத் தாங்குகிற களி மெல்லிய டயரைத் தாங்காது என்பது இருபத்திரண்டு வருஷம் மிதித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பன்னிரண்டு பேர் பத்து நாள் உழைப்பு காலை ஏழு மணிக்குள் போயிற்று.

திங்கட்கிழமை பச்சமுத்து வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்றார். "எவன் வேலைடா இது?"

"எவனும் இல்லைங்க மேஸ்திரி. என் சைக்கிள்தான்" என்று சுலோசனா முன்னால் வந்தாள்.

"வேலில போற ஓணான மடில கட்டிக்கிட்ட மாதிரி, ஒனக்கு ஏம்மா இந்த வேல? நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள பாத்தி பழையபடி இருக்கணும். இல்லன்னா பொங்கல் கழிச்சு நீ வராத. அதுவரைக்கும் சைக்கிள் என் ஷெட்டுல கெடக்கட்டும். இனிமே அது அளத்துக்குள்ள கண்ணுல பட்டாலும் நீ வராத."

பெரிய பாத்தியை ஒருத்தி இரண்டு நாளில் மிதிக்க முடியுமா? சுலோசனா இறங்கி ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பத்து அடி போயிருக்க மாட்டாள், தோளில் ஒரு கை விழுந்தது. வைஜெயந்தி. அவள் தோளில் தெய்வநாயகி. திரும்பிப் பார்த்தால் பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். திட்டிக்கொண்டேதான் நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

"என்னால ஒங்களுக்கெல்லாம் எவ்ளோ கஷ்டம். புஸ்தகத்துல அத அடிச்சிடுடீ வைஜெயந்தி. எனக்கு சைக்கிளும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்றாள் சுலோசனா. அழுகை வந்துவிட்டது.

"ஒருமனதா போட்ட தீர்மானத்த ஒருமனதாத்தான் அடிக்கணும். ஏம்மா, அடிக்கலாமா?" என்று வைஜெயந்தி பின்னால் கேட்டாள்.

"அடிக்கக் கூடாது!" என்று வரிசை கத்தியது. கத்திய வேகத்தில் கடைசியில் நின்ற இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள்.

கொஞ்ச தூரம் மிதித்த பிறகு தெய்வநாயகி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அது சரி, தனியா ஓட்டசொல்லோ எப்படிக்கா இருந்துச்சு?"

"எப்படி சொல்றது? வயித்துக்குள்ள எவனோ கிச்சுகிச்சு மூட்ற மாதிரி. எறங்கவே மனசு வரல."

ஒவ்வொருத்தியாக, எனக்கும் ஒரு ரவுண்டு, எனக்கும் ஒரு ரவுண்டு என்று சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு நாளும் பேச்சு இதுதான். பேசிக்கொண்டே மிதித்ததில் கால் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சூரியன் சாய்வதற்குள் ஒரு கோடு மிச்சமில்லை. பச்சமுத்து குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். மதகைத் திறந்து தண்ணீரை விட்டார். ஷெட்டைத் திறந்து சைக்கிளை வெளியே தள்ளினார்.

"செயின் கிறீச்சுனுச்சு, எண்ணெ போட்டுருக்கேன். எடுத்துனு கெளம்பு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் போகி, அதற்கடுத்த நாள் பொங்கல். "அளத்துக்குள்ளதான ஓட்டக் கூடாது?" என்றாள் வைஜெயந்தி. "லாரி போற மண்ரோடு அளமா?"

உப்பளத்திலிருந்து கூட்ரோடு வரை ஒரு கிலோமீட்டர் மண்ரோடு. போகியன்று காலையில் அதன் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசை கட்டினார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் என்பது வைஜெயந்தியின் ஏற்பாடு. நடுவில் சுலோசனா ஏறி உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒரு தள்ளு. சைக்கிள் இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது, நேரானது. பெண்கள் கூடவே ஓடினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, கல்யாண ஊர்வலத்தில் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி ஓடினார்கள். பாதி ரோட்டில் தெய்வநாயகி நின்றுவிட்டாள். அப்புறம் இன்னும் நாலு பேர். வைஜெயந்திதான் கடைசிவரை ஓடி, "பிரேக்கு! கைக்குக் கீழ இருக்குது, புடிச்சிப் பாரு!" என்று கத்திவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுலோசனா பிடித்துப் பார்த்தாள். சைக்கிள் லேசாகத் தயங்கியது. விட்டாள், ஓடியது. மறுபடி பிடித்தாள், மறுபடி விட்டாள். நிறுத்துவதும் போவதும் தன் விரலில் இருப்பது தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்ரோட்டில் செல்லப்பன் வண்டியோடு நின்றிருந்தான். எதிரே வருவது தன் பெண்டாட்டிதான் என்று அவன் கண் நம்புவதற்குள் அவள் இடது பக்கம் ஊர்த் தெருவில் திரும்பிவிட்டாள். அவன் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியை உதைத்துப் பின்னால் வந்தான். அவளை முந்தலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வந்தான். வீடு வந்தது. சைக்கிள் நிற்கவில்லை.

"ஏமே! வூடு தாண்டுது! பிரேக்க புடி!"

"தெரியும்யா!" என்று அவள் திரும்பாமலே கத்தினாள். "நீ போயி ஒல வை! நா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்!"

எந்தக் குண்டானில் வைப்பது என்று செல்லப்பன் கேட்பதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.