கிராபிக்ஸ் கார்டை மூடிய ஸ்டிக்கர்

இன்று திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். ஒலக்கூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் மேரி, தன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்.

"உங்ககிட்ட புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டும் வீடியோ திக்கித் திக்கி ஓடுதுங்க. நாளைக்குக் குடுக்கணும், பொண்ணு வீட்டுல பேஜாரு பண்ணிக்கினு இருக்காங்க."

"இன்னும் பெரிய கார்டு போட்டாதான்மா சரியாவும்" என்றார் கடைக்காரர்.

பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். கார்டில் மானிட்டர் ஒயர் செருகும் இடத்தை மூடியபடி அந்தக் கடையின் வாரண்டி ஸ்டிக்கர்.

"ஒயரை எங்கம்மா செருகுறீங்க?"

"மேல, மதர்போர்டுலதாங்க. ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி இல்லன்னாரே!"

அப்படிச் செருகினால் படம் கார்டு வழியாக வராது, கார்டு சும்மாதான் கிடக்கும். மேரியைக் கேட்டு ஸ்டிக்கரைக் கிழித்தேன். கடை மானிட்டரின் ஒயரைக் கார்டில் செருகினேன். வீடியோ தடங்கலின்றி ஓடியது.

கடைக்காரர் அசரவில்லை. "இனிமே வாரண்டி கேக்கக் கூடாதும்மா."

கார்டு வேலை செய்யாத வரைக்கும்தான் அதற்கு வாரண்டியாம். உங்கள் பெட்டியின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.