பின் சீட்டில் குந்திப் பாருங்க!

போன ஞாயிற்றுக்கிழமை தலையணையோடு ஜீப் ஏறிய ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

காடாம்புலியூரில் என் அக்கா இருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் முந்திரித் தோப்புக்குள் குண்டும் குழியுமாக ஒரு மண்பாதை. அதன் கடைசியில் வீடு. எனக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை வந்த பிறகு அந்தப் பாதையையே மறந்துவிடச் சொல்லிவிட்டார்கள் வீட்டில். அக்காவுக்கோ மூட்டு வலி, எங்கேயும் வர முடியாது. நெய்வேலியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனாலும் மாதக்கணக்கில் போனில்தான் முகம் பார்த்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். "உன்னை அலுங்காம கொண்டுபோய் விடுறேன்" என்று பழைய ஜீப்புக்குப் புது ஷாக் அப்சார்பர் தேடி வாங்கினார். அட்ஜஸ்டபிள் வகை – ஒரு குமிழைத் திருப்பினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இளகும். எந்த அளவில் வைப்பது? முதுகு வலிக்காரியான என்னைக் கேட்டாரா? இல்லை... ஷிப்ட் பஸ்ஸில் கேட்டார்! மொத்த பஸ்ஸும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறது: "ஹெவி ட்யூட்டிதாம்பா. ஃபுல் டைட்ல வச்சிடு."

மைன்ஸ்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதை வாங்கினாலும் மண் அள்ளுகிற டம்பருக்கு வாங்குகிற நினைப்பு. எங்கள் குவார்ட்டர்ஸ் கொடிக்கயிற்றில் யானையைக் கட்டலாம். பாரம் ஏற்றும் வண்டிக்கு அந்த இறுக்கம் சரி. எங்கள் ஜீப்பில் என்ன பாரம்? அவர், நான், ஒரு தலையணை.

முன்னால் கால் நீட்ட வசதியில்லை என்று நான், சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற பின் சீட்டில் உட்கார்ந்தேன். தோப்புக்குள் நுழைந்ததுமே ஒவ்வொரு முந்திரி வேரும் என் முதுகெலும்பில் வந்து இடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உற்சாகமாகக் கேட்டார்: "எப்படி, ஸ்டெடியா இருக்கா?"

"சூப்பருங்க" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? வலிக்கிறது என்றால் வண்டியைத் திருப்பிவிடுவார். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்? பெண்ணுக்கு வலி என்றால் முதலில் நிறுத்துவது அவள் போக்குவரத்தை. அக்கறையாகத்தான் செய்கிறார்கள் – அதனால் சண்டை போடவும் முடியாது. அக்காவைப் பார்க்காமல் இருப்பதற்கு இந்த வலியே தேவலாம் என்றிருந்தது எனக்கு.

ஆனால் அக்காவை ஏமாற்ற முடியுமா?

"ஏன்டி நின்னுகினே சாப்புடுற?" என்றவர், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டிய அவ ஓட்டட்டும். நீங்க பின்னால குந்திகினு ஒரு சுத்து போய்ட்டு வாங்க."

போனோம். நான் ஊர்ந்துதான் ஓட்டினேன். முதல் வேரிலேயே "ஐயோ!" என்றார். அடுத்ததில் தலை மேல்கம்பியில் இடித்தது. நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஜீப்புக்கு அடியில் படுத்துக் குமிழ்களை ஒரேயடியாக இளக்கிவிட்டு, மறுபடி பின்னால் ஏறினார். இப்போது வண்டி தொட்டில் மாதிரி ஆடியது... அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. திரும்ப இறங்கினார், படுத்தார், கொஞ்சம் இறுக்கினார், ஏறினார். சட்டையெல்லாம் செம்மண். அவர் முதுகு சம்மதித்த பிறகுதான் விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த வாரம் கூட்டிட்டு வர மாட்டீங்களே..."

சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இனிமே சொன்னாதான் கூட்டிட்டு வருவேன்."

திரும்பும் வழி நெடுக நான் குறை சொல்லிக்கொண்டே வந்தேன் – அப்படியொரு சுகமான பயணம்!