மெட்ராஸ் வண்டியின் ஹீட்டர்

எரிந்த தூசியும் பழைய ரப்பரும் கலந்த வாடையோடு, யாரோ அருகில் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு வெதுவெதுப்பு. எங்கள் பிக்கப் வண்டியின் ஹீட்டரிலிருந்து முதன்முதலாக வந்த காற்று அப்படித்தான் இருந்தது.

எண்பதுகளில் ஊரப்பாக்கத்தில் அப்பா சிறிய கோழிக்குஞ்சுப் பண்ணை நடத்திவந்தார். ராணுவ ஏலத்தில் எடுத்த அந்த வண்டி முன்பு எந்தக் குளிர்ப்பிரதேசத்தில் ஓடியதோ, அதற்குள் ஒரு ஹீட்டர் இருந்தது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதை யார் போடுவார்கள்? ஆறு வருடம் யாரும் அதைச் சீண்டவில்லை. ஒரு மார்கழியில், ஊட்டிக்கு அப்பால் பள்ளத்தாக்கில் இருந்த பண்ணைக்காரர் ஒருவர், பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள் நான்கு பெட்டி கேட்டார். குஞ்சுகள் குளிர் தாங்காது என்பதால், எங்கள் இருக்கையிலேயே பெட்டிகளை வைத்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று அப்பா நினைத்தார்.

சும்மா இருக்கத் தெரியாதவர் அப்பா. அந்த வாரம் முழுக்க, குரோம்பேட்டை மெக்கானிக் பஷீர் அண்ணாவின் ஷெட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஃபேன் சுற்றியது; சூடுதான் வரவில்லை. பஷீர் அண்ணா குழாய்களைக் கழற்றித் துருத்தண்ணீர் போக அலசினார், கேபிளை இழுத்துக் கட்டினார்.

"மெட்ராஸ்ல ஈட்டர் கேக்குற மொத ஆளு நீங்கதான் சார். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று சிரித்தவர், "சார், அப்போ கழட்டுனோமே, ஒருவேள அதால..." என்று ஆரம்பித்தார்.

அப்பா முடிக்கவிடவில்லை. "வேலை தெரியலைன்னு சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு வண்டியை எடுத்தார். பஷீர் அண்ணா கையைத் துடைத்துக்கொண்டே நின்றதை வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

குஞ்சுகள் பொரிந்துவிட்டதால் வேறு ஆளைப் பார்க்க நேரமில்லை; குழாயை அலசியதே போதும் என்று அப்பா கிளம்பிவிட்டார். அரைப்பரீட்சை விடுமுறை என்பதால் அம்மாவும் நானும் கூடப் போனோம். மலையேறும்போது என்ஜின் திணறிச் சூடானதில் ஹீட்டரும் ஓரளவு ஊதியது. ஊட்டியைத் தாண்டி, காலைப் பனிமூட்டத்தில் இறக்கம் தொடங்கியதும் காற்று சில்லிட்டது. சூடு காட்டும் முள் அடிமட்டத்தில் விழுந்தது. வழிநெடுக "கிய்யா கிய்யா" என்று கத்திய குஞ்சுகள் பெட்டி பெட்டியாக அடங்கின. அம்மா ஒன்றைத் திறந்தாள். குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. ஏழெட்டை அள்ளி என் ஸ்வெட்டருக்குள் போட்டாள். சின்ன நகங்கள் வயிற்றைப் பிராண்டின. ஒன்று மட்டும் அசையவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

அப்பா வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. அடைப்பு இல்ல. தண்ணியே சூடாகல." பிறகு அவர் கை ரேடியேட்டர் குழாய்க்குப் போயிற்று. சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். முன்பொரு கோடையில் வண்டி கொதித்தபோது அதைக் கழற்றி எறியச் சொன்னவர் அவர்தான்.

"பஷீர் வேண்டாம்னான். மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்குன்னு நான்தான்..."

"இப்ப அதைப் பேசி என்ன? ரேடியேட்டர்ல காத்து படாம மூடுங்க" என்றாள் அம்மா. எங்கள் துணிகள் இருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கிழித்து, ரேடியேட்டருக்கு முன்னால் செருகினார் அப்பா. நின்ற இடத்திலேயே என்ஜினை உறுமவிட்டார். முள் மெல்ல ஏறியது. காலடியில் சூடு பரவிய பிறகு, ஒரு பெட்டியிலிருந்து ஒற்றைக் குரல் கேட்டது. பிறகு இன்னொன்று.

ஒரு பெட்டிக் குஞ்சுகள் போய்விட்டன. மற்றவை பிழைத்தன. பண்ணைக்காரரிடம் அப்பா எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

திரும்பும்போது வண்டி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நேராகக் குரோம்பேட்டைக்குப் போயிற்று. "தப்பு என்னுது பஷீர். நீ சொல்ல வந்ததை நான் கேக்கல" என்றார் அப்பா, வண்டியைவிட்டு இறங்கும்போதே.

பஷீர் அண்ணா காலி இருக்கையை எட்டிப் பார்த்தார். "குஞ்சுங்க எவ்ளோ பொழச்சுது? மொதல்ல அத்த சொல்லுங்க சார்."

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. பண்ணை அடுக்குமாடியாகிவிட்டது. அப்பா சிட்லபாக்கத்தில் என் வீட்டு ஜன்னலோரம் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் என் கார் கிளம்ப மறுத்தது. பானெட்டைத் திறந்துவைத்து, வேண்டுமென்றே உரக்கக் கூப்பிட்டேன்: "அப்பா, கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

"கம்பெனிக்காரன் வந்து பாத்துப்பாம்மா" என்றார், நாற்காலியைவிட்டு எழாமல்.