போடாத புகையிலை

இடது தாடை வீங்கியதும் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: நான் வாயில் புகையிலை அடக்குகிறேன். கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் எனக்குக் கண்டக்டர் வேலை. கண்டக்டருக்குத் தாடை புடைத்தால் வேறு காரணமே இருக்கக் கூடாதாம். பாக்குகூடப் போடாதவன் நான். டிரைவர் தினமும் துப்பிவிட்டுப் பேசச் சொல்வார். வாயைத் திறந்து காட்டினால் சிரிப்பார். ஊர் நினைப்பதைப் பற்றி எனக்கென்ன? வீட்டில் மனைவியும் என் சட்டைப்பையைத் துழாவினாள். பல்வலியைவிட அதுதான் ஜாஸ்தியாக வலித்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரோடு ஒட்டி, கோலிக்குண்டு போல வெள்ளையாக ஓர் உருண்டை. வேரை மூடியிருக்கும் பொருளே அளவு மீறி வளர்ந்து கட்டியாகியிருக்கிறது, ரொம்ப அபூர்வம், புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ஆனால் விட்டால் வளர்ந்துகொண்டே போகும் என்று சொல்லி சிதம்பரத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் எழுதிய பயிற்சி டாக்டர் பெண், புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கூட வந்திருந்த என் மனைவியை அவர் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். உடனே 'உண்டு' என்று எழுதிவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அத அடிச்சிட்டு இல்லன்னு எழுதும்மா. அப்பறந்தான் வாயத் தொறப்பேன்."

அடித்து எழுதிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லையும் உருண்டையையும் ஒன்றாகவே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெளியே வீம்பாகத் திரிந்தாலும், ரிப்போர்ட் வரும்வரை பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேன்சர் இல்லை என்று வந்தது. இதற்கும் புகையிலைக்கும் சம்பந்தமே இல்லை என்று பெரிய டாக்டர் என் மனைவியிடமே சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காளி கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். நான் புகையிலையை விட்டால் மாவிளக்கு போடுவதாக வேண்டியிருந்தாளாம். இப்போது விட்டுவிட்டேனாம்!

"தொடாதத எப்புடிடி விடுவேன்? அந்த வேண்டுதலே பொய். நான் வரமாட்டேன்."

நடுரோட்டில் நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பிறகு, விளக்கு வேண்டாம், சும்மா வாருங்கள் என்று கூட்டிப்போனாள். சன்னதியில் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"தாயே, இவுரு போயில போட்டதே இல்ல. நாந்தான் நம்பல. என்ன மன்னிச்சிடு."

"அவகிட்ட கேட்டது போதும்," என்றேன். "எங்கிட்ட கேளு."

அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.